குளிர் கேட்காத கிழங்குகள்

பங்குனி பிறந்தால் போதும், காஷ்மீர் ட்யூலிப் படங்கள் கைப்பேசிக்குள் வந்து குவிய ஆரம்பித்துவிடும். தால் ஏரிக்கு மேலே, ஸபர்வான் மலையடிவாரத்தில், சிவப்பும் மஞ்சளும் ஊதாவும் பட்டை பட்டையாக. அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே தில்லி சாலையோரத்து ட்யூலிப்கள் வந்து போயிருக்கும். பார்த்தவர் கை சும்மா இருக்குமா? ஆன்லைனில் தேடுகிறார்கள், பத்துக் கிழங்கு அடங்கிய பொட்டலம் வாசலுக்கே வருகிறது. திருச்சிக்கும் வருகிறது, வேலூருக்கும் வருகிறது. அப்புறம் நடப்பது பலருக்குத் தெரிந்த கதைதான். இரண்டு இலை எட்டிப் பார்க்கும். இல்லாவிட்டால் அதுவும் வராமல் தொட்டிக்குள்ளேயே அழுகும். வாங்கியவர் தன் கைராசியை நொந்துகொண்டு தொட்டியில் கத்தரி நாற்று வைத்துவிடுவார்.

கைராசிக்கு ஒரு குறையும் இல்லை. ட்யூலிப்பின் சொந்த ஊர் மத்திய ஆசியாவின் மலைகள். பாமிர், தியான் ஷான் பக்கம். அங்கே கோடையிலேயே கிழங்குக்குள் மொட்டு உருவாகிவிடுகிறது. ஆனால் அந்த மொட்டு தண்டை நீட்டிக்கொண்டு வெளியே வர, 12 முதல் 16 வாரம், 9 டிகிரிக்கும் கீழே குளிர் அடித்தாக வேண்டும். மார்கழியில் நாம் மஃப்ளர் சுற்றிக்கொண்டு நடக்கும் சென்னையில் விடிகாலை வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. ஃப்ரிட்ஜில் காய்கறி வைக்கும் தட்டில் மூன்று மாதம் வைத்து எடுக்கலாம் என்பார்கள். வைக்கலாம். பக்கத்தில் ஆப்பிளோ வாழைப்பழமோ இருந்தால் அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். அதையும் தாண்டிப் பூத்தால், நம் ஊர் வெயிலுக்குச் சில நாள்தான். அடுத்த வருடத்துக்கு அந்தக் கிழங்கு உதவாது. தில்லிக்கே ஆண்டுதோறும் நெதர்லாந்திலிருந்து புதுக் கிழங்குதான் வருகிறது. மாடியில் ட்யூலிப்பைப் பூக்க வைத்துப் படம் போடுகிறவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

கோடைச் சிறப்பிதழுக்கு 'வெயிலில் பூக்கும் கிழங்குச் செடிகள்' என்று எழுதித் தாருங்கள் என்றார்கள். விற்கிற தலைப்புதான். எழுத உட்கார்ந்தால் பூவை விட்டுவிட்டு மனசு வேறோர் இடத்துக்குப் போய்விட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பூ.

செடி ஒன்று கெட்ட காலத்தைத் தாண்டுவதற்காக மண்ணுக்கடியில் ஒதுக்கி வைக்கும் சேமிப்புதான் கிழங்கு. காஷ்மீரத்துக்குக் கெட்ட காலம் பனி. நமக்கு, தையில் ஈரம் வற்றத் தொடங்குவதிலிருந்து ஆனியில் மேல்காற்று கிளம்பும் வரை. அந்த ஐந்து மாதமும் தரையைப் பார்த்தால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். உள்ளே எல்லாம் இருக்கும். குளிருக்குப் பதிலாக வறட்சியில் உறங்கப் பழகிய கிழங்குகள் உலகத்தில் ஏராளம். ஆப்பிரிக்காவில் உண்டு, தென்னமெரிக்காவில் உண்டு, தாய்லாந்துக் காடுகளில் உண்டு, நம் வேலியோரத்திலும் உண்டு. கிழங்கு வாங்குகிறவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எப்போது தூங்கும்? அதற்குப் பதில் தெரியாத கடையில் கிழங்கு வாங்காதீர்கள்.

வேலியில் இருந்த மாநில மலர்

குறிஞ்சிப்பாட்டில் பூக்களை அடுக்கும்போது முதலில் வருவது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. பெண்களின் விரலுக்கு அதை உவமை சொல்லிச் சங்கப் புலவர்கள் சலித்ததில்லை. இவ்வளவு பெருமை இருந்தும் நூறு மாடித்தோட்டம் ஏறிப் பார்த்தால் ஒன்றில் இருக்குமா என்பது சந்தேகம். நர்சரியில் காந்தள் என்று கேட்டால் முழிப்பார்கள். கண்வலிக்கிழங்கு என்று கேளுங்கள், சிலருக்காவது தெரியும்.

விவசாயிகளுக்கு நன்றாகவே தெரியும். கரூர், திண்டுக்கல் பக்கமும் திருப்பூர் மாவட்டத்தில் மூலனூர், தாராபுரம் வட்டாரத்திலும் இதை விதைக்காகவே பயிரிடுகிறார்கள். விதையில் கோல்சிசின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. கீல்வாத மருந்துக்குப் போகிறது, வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிறது. இந்தப் பூவின் சூல்தண்டு நேராக நிற்காமல் அடியிலேயே பக்கவாட்டில் மடங்கிவிடும். மகரந்தம் தானாகப் போய் ஒட்டுவது குறைவு. அதனால் பூக்கும் காலத்தில் காலை நேரத்தில் ஆட்கள் வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். ஏக்கர் கணக்கில் அந்த வேலை நடப்பதைப் பார்த்தால், கடையில் மாத்திரையை இன்னும் கொஞ்சம் மரியாதையோடு வாங்குவோம்.

வீட்டுக்கு அந்த வேலை வேண்டாம், பூ போதும். கிழங்கு ஆங்கில 'வி' எழுத்து போல இரண்டு கையாக இருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும்தான் முளை. நுனி ஒடிந்துவிட்டால் அந்தக் கை வெறும் மாவு. தபாலில் வாங்குகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஆனி, ஆடியில், மூன்று விரல் ஆழத்தில், படுக்கை வசமாக வைக்க வேண்டும். தண்ணீர் தேங்காத மண் வேண்டும். செம்மண்ணோடு செங்கல் ஜல்லி கலந்தால் நல்லது. கொடிக்குப் பற்றிக்கொள்ள இலை நுனியே சுருண்டு கொக்கியாகிறது. அந்தக் கொக்கிக்கு மெல்லிய பிடிமானம்தான் ஒத்துவரும். பெரிய மூங்கில் நட்டால் பற்றத் தெரியாமல் தரையில் விழும். கம்பிவலையோ காய்ந்த முருங்கைச் சிம்போ கொடுத்தால் சரசரவென்று ஏறிவிடும். பச்சை கலந்த மஞ்சளாக விரிந்து, நாளாக நாளாகச் சிவப்பேறி, கடைசியில் முழுச் சிவப்பாக நிற்கும். ஒரே கொடியில் எல்லா நிறமும் ஒருசேர இருக்கும். புரட்டாசி முதல் கார்த்திகை வரை பூ. கார்த்திகைப்பூ என்ற பெயர் அப்படித்தான். தையில் கொடி காயும். காய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. செடி முழுக்க நஞ்சு, கிழங்கில் அதிகம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்று உயிர் போனவர்கள் உண்டு. குழந்தை தவழும் வீட்டிலும், எதையும் தோண்டிக் கடிக்கும் நாய்க்குட்டி இருக்கும் வீட்டிலும் வேண்டாம். கிழங்கை எடுக்கும்போது கையுறை போடுங்கள்.

மழைக்காலத்தில் வரும் தூக்கம்

புத்தகத்தில் போட்டிருப்பதை அப்படியே கடைப்பிடித்தால் சென்னைக்காரர் தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. தோட்டப் புத்தகம் எழுதுகிறவர்கள் பெங்களூரிலோ கொல்கத்தாவிலோ உட்கார்ந்து எழுதுகிறார்கள். அங்கே ஜூனில் மழை, அக்டோபரோடு ஓய்வு, குளிர்காலம் வறண்ட காலம். கிழங்கு குளிர்காலத்தில் தூங்கும், மண்ணும் காய்ந்திருக்கும். எல்லாம் பொருந்தும். நமக்கோ அக்டோபரில்தான் வடகிழக்குப் பருவமழையே தொடங்குகிறது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் எல்லாம் தங்கள் மழையில் பெரும்பங்கை டிசம்பருக்குள் வாங்கி முடிக்கின்றன. அதாவது, கிழங்கு கண்ணை மூடும் நேரம் பார்த்து வானம் கொட்டுகிறது.

இதில் அதிகம் அடிபடுவது ஃபுட்பால் லில்லி. மே மலர் என்று சொன்னால் பலருக்குத் தெரியும். ஆப்பிரிக்காக்காரன். சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்தால் போதும், இலையே இல்லாத வெறும் மண்ணிலிருந்து பருத்த காம்பு கிளம்பி, உச்சியில் பந்தளவுக்குச் சிவப்புப் பூக்கொத்தை விரிக்கும். வருடத்துக்கு ஒரு தடவை, ஒரு வாரம், அதிகம் போனால் பத்து நாள். இலை அதற்குப் பிறகுதான் வரும். கார்த்திகையில் இலை பழுத்து விழும்போது கிழங்கு உறக்கத்துக்குப் போகிறது. சரியாக அப்போதுதான் சென்னையில் முழங்கால் தண்ணீர். தரையில் மேட்டில் இருக்கும் கிழங்கு எப்படியோ பிழைத்துவிடும். தட்டு வைத்த பிளாஸ்டிக் தொட்டியில் இருப்பது கூழாகிவிடும். தீர்வு சுலபம்: இலை மஞ்சளானதும் தொட்டியை அப்படியே தூக்கி சன்ஷேடுக்கு அடியிலோ மாடிப்படிக்குக் கீழோ வைத்துவிட்டுப் பங்குனி வரை மறந்துவிடுங்கள். மறப்பதுதான் கஷ்டம். தினமும் காலையில் ஹோஸைப் பிடித்துப் பழகிய கை, காலித் தொட்டியைப் பார்த்தாலும் இரண்டு கை நீர் தெளித்துவிட்டுத்தான் போகும்.

நர்சரிகளில் அமரில்லிஸ் என்ற பெயரில் கிடைக்கும் பெரிய லில்லிக்கும் இதே விதி. அது தென்னமெரிக்கக் கிழங்கு. மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள், கழுத்து வெளியே என்று நட வேண்டும். முழுவதும் புதைத்தால் கழுத்திலிருந்து அழுகல் இறங்கும். நெருக்கமான தொட்டி அதற்குப் பிடிக்கும். கார்த்திகை, மார்கழியில் எட்டு வாரம் வறட்சி போட்டு, தை பிறந்ததும் தண்ணீர் காட்டினால் மாசியில் பூ. பழைய வீடுகளில் கிணற்றடி ஓரம் ஆரஞ்சுச் சிவப்பில், நடுவில் பச்சை நட்சத்திரத்தோடு பூக்குமே, அது இந்தச் சாதிதான். அதற்கு இந்தச் சடங்கெல்லாம் தேவையில்லை. வருடக்கணக்கில் யாரும் கவனிக்காத மூலையில்தான் அது நன்றாகப் பூக்கிறது.

எடுத்து வைக்கும் கிழங்குகளைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பரணில் போடாதீர்கள். பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு, காற்று உள்ளே புகுந்து வெளியே போக வைப்பார்களே, அந்த மாதிரி வைக்க வேண்டும். மூங்கில் கூடை, அடியில் காய்ந்த மணல், மேலே நிழல்.

மழை லில்லிக்கு எந்த உபதேசமும் வேண்டாம். வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் என மூன்றும் கிடைக்கும். சுண்டைக்காயை விடக் கொஞ்சம் பெரிய கிழங்கு. ஒன்றிரண்டாக நட்டால் தெரியாது, பத்துப் பதினைந்தை ஒரே இடத்தில் நெருக்கி வைக்க வேண்டும். இரண்டு வாரம் காயவிட்டு, பிறகு மழை பெய்தால், நாலைந்து நாளில் எல்லாம் ஒன்றாக எழும்பும். பூ ஓரிரு நாள்தான். குழாய்த் தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் அந்தக் கூட்டப் பூப்பு வருவதில்லை என்று வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

தூங்காத ஒன்று

நிலச்சம்பங்கி எல்லா விதிக்கும் விலக்கு. பிறந்தது மெக்சிகோ, நம் ஊர்க் கல்யாண மாலையில் அது இல்லாத முழம் கிடையாது. நிலக்கோட்டையிலும் சத்தியமங்கலத்திலும் தோட்டம் தோட்டமாக நிற்கிறது; தோவாளைச் சந்தைக்கும் மதுரை மாட்டுத்தாவணிக்கும் மூட்டை மூட்டையாகப் போகிறது. நம் வெயில் அதற்குப் பிடித்துப் போய்விட்டது. இடைவிடாமல் தண்ணீரும் உரமும் கிடைத்தால் வருடம் முழுக்கப் பூக்கும், மூன்று வருடம் வரை கிழங்கைத் தோண்டாமலே வைத்திருக்கலாம். வீட்டுக்கு ஒற்றை அடுக்குப் பூதான் நல்லது. அடுக்குச் சம்பங்கி பார்க்க அழகு, வாசம் ஒரு படி கம்மி. 'பிரஜ்வல்' என்ற ஒற்றை ரகம் இப்போது எங்கும் கிடைக்கிறது. நீளக் காம்பு, பெரிய பூ, மொட்டு முனையில் லேசான இளஞ்சிவப்பு. தோண்டி எடுத்த கிழங்கை ஒரு மாதம் நிழலில் ஆறப் போட்டு நட்டால் சீராக முளைக்கும். நட்ட மூன்று மாதத்தில் பூக்காம்பு. அதற்கு முழு வெயில் வேண்டும், நிழலில் வைத்தால் வெறும் புல்லாகத்தான் நிற்கும். வேரில் முடிச்சு விழுந்தால் நூற்புழு. சுற்றிலும் செண்டுமல்லி நடுவது பழைய வைத்தியம், இன்றும் பலிக்கிறது.

ட்யூலிப் வடிவம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு சியாம் ட்யூலிப். ட்யூலிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நம் மஞ்சளுக்குச் சொந்தக்காரி. தாய்லாந்தின் சையபூம் மாகாணத்தில் மழைக்காலம் வந்தால் காட்டுப் புல்வெளி முழுக்க இளஞ்சிவப்பாகிறது, அதைப் பார்க்க ஊரே திரள்கிறது. சித்திரை, வைகாசியில் நட்டு, காலை வெயிலும் மதிய நிழலும் கொடுத்தால் ஆடி, ஆவணியில் நமக்கும் பூக்கும். நாம் இதழ் என்று பார்ப்பது வண்ண மடல்; உண்மையான பூ அதற்குள் சின்னதாக ஒளிந்திருக்கும். வெட்டி ஜாடியில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். குளிர்காலத்தில் மறைந்துவிடும். செத்துப்போய்விட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள்.

கல்வாழையை எல்லோருக்கும் தெரியும். விஷமூங்கிலைக் கடற்கரை ஊர்க்காரர்கள் வைக்கலாம். அதன் சதைப்பற்றான விதை கடல்நீரில் மிதந்து போய்க் கரையேறி முளைக்கக் கூடியது, உப்புக்காற்றுக்கெல்லாம் அசராது. ஆனால் ஒரு செடிக்கு நாலடி இடம் கேட்கும். இன்னொன்று, பூந்தோட்டத்துக்காக யாரும் வாங்காத சேனை. குழம்புக்கு வாங்கி மூலையில் மறந்துபோன சேனை, கோடை மழைக்குப் பிறகு ஒருநாள் கருஞ்சிவப்பில், முறம் அகலத்துக்கு ஒரு பூவை விரிக்கும். தெருவே செத்த எலியைத் தேடும். பூச்சிகளை அழைப்பதற்கு அது செய்யும் தந்திரம்; இரண்டு நாளில் அடங்கிவிடும். குழந்தைகளுக்குக் காட்டுங்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

பராமரிப்பில் எல்லோரும் செய்யும் தவறு, பூ உதிர்ந்த கையோடு இலையையும் வெட்டிச் 'சுத்தம்' செய்வது. அடுத்த வருடப் பூவுக்கான சமையல் அந்த இலையில்தான் நடக்கிறது. பழுத்துத் தானாகச் சாயும் வரை விடுங்கள். அந்த நேரத்தில் மாட்டெருவைக் குறைத்துக்கொண்டு அடுப்புச் சாம்பல் ஒரு பிடி போடுங்கள். தழைச்சத்து அதிகமானால் இலை செழிக்கும், பூ வராது, கிழங்கும் தளதளத்து அழுகும். கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் ஆரஞ்சுப் பொட்டுமாக ஒரு புழு லில்லி இலைகளில் கூட்டமாக வரும். காந்தளிலும் வரும். ஒரே ராத்திரியில் மொட்டையடித்துவிடும். மருந்து தேடி அலைய வேண்டாம், பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட்டாலே போதும். விடிகாலையில் பார்த்தால் வேலை சுலபம்.

மொட்டைமாடி என்னும் அடுப்பு

இனி என் கவலைக்கு வருகிறேன்.

மேலே சொன்ன கிழங்கு எல்லாம் கடும் கோடையைத் தாண்டக் கூடியவை என்றால், மாடித்தோட்டத்தில் ஏன் வருடா வருடம் செத்துப்போகின்றன? அவை தாண்டுவது மண்ணுக்குள் இருந்துகொண்டு. தரையில் மேல்மண் அக்னி நட்சத்திரத்தில் எவ்வளவு கொதித்தாலும், ஒரு சாண் தோண்டினால் சூடு தணிந்திருக்கும். பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கிழங்கு நம்பியிருப்பது அந்த ஆழத்தை. தன்னைத் தானே கீழே இழுத்துக்கொள்ளும் வேர்கள்கூடச் சில லில்லிகளுக்கு உண்டு. மாடியில் வைத்த க்ரோ பேக்குக்கு ஆழம் ஏது? மேலே வெயில், நாலு பக்கமும் வெயில், அடியில் வெறுங்கால் வைக்க முடியாத கான்கிரீட். கறுப்புப் பையாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். உறங்கப் போன கிழங்கு உள்ளேயே வெந்துவிடுகிறது. பிறகு நாம் விதைக் கடைக்காரரைத் திட்டுகிறோம்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை. மண்தொட்டி வாங்குங்கள், அதன் சுவர் வழியாக ஈரம் கசிந்து உள்ளே கொஞ்சம் குளிர்ச்சி தங்கும். இரண்டு தொட்டியை ஒன்றுக்குள் ஒன்று வைத்து இடையில் மணல் போடலாம். தண்ணீர்த் தொட்டி நிழலில், செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தென்னைநார்க் கழிவை மட்டுமே நிரப்பாதீர்கள், மழைக்காலத்தில் அது தண்ணீரை விடாது. இவ்வளவும் செய்தால் பாதிக் கிழங்காவது தேறும்.

எனக்கு ஆற்றாமை தனி வீட்டுக்காரர்களைப் பார்த்தால்தான். அரை கிரவுண்டு, 1,200 சதுர அடி. முன்னால் கார், அதற்கடியில் சம்ப், ஓரத்தில் போர்வெல், பின்னால் செப்டிக் டேங்க். சரி, அதெல்லாம் தேவை. மதிலுக்கும் சுவருக்கும் நடுவே விதிப்படி மூன்றடியோ ஐந்தடியோ காலியிடம் விட்டிருப்பார்கள் இல்லையா, அதிலும் ஒரு விரற்கடை மண் தெரியக் கூடாது என்று கடைசி வரை சிமென்ட் இழுத்து, மேலே வழுக்காத டைல்ஸ். அப்புறம் மாடிக்குப் போய், மூட்டை மூட்டையாகச் செம்மண் வாங்கி, படியேற்றி, பையில் கட்டித் தோட்டம் போடுகிறார்கள். கீழே இலவசமாகக் கிடந்த மண்ணை மூடிவிட்டு மேலே காசுக்கு மண் வாங்கும் இந்த வித்தையை நாம் எங்கே கற்றோம்?

நகரத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கும்பகோணத்தைச் சுற்றியுள்ள சின்ன ஊர்களிலும், காரைக்குடி பக்கத்துக் கிராமங்களிலும் இதேதான். சாணம் தெளித்துக் கோலம் போட்ட வாசல் இப்போது பேவர் பிளாக். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடிய வாய்க்காலோரம் கல்வாழை, சேம்பு, ஒரு வாழை, அதன் காலடியில் யார் நட்டது என்றே தெரியாத லில்லிக் கூட்டம் இருந்தது. அந்தத் தண்ணீர் இப்போது குழாயில் போகிறது. உயிர்வேலி போய் மதில் வந்ததும் காந்தள் போயிற்று. கொடி பற்ற கிளுவையும் இல்லை, கிழங்கு கிடக்க மண்ணும் இல்லை. ஊருக்கு வெளியே வறண்ட தரிசில் நரிவெங்காயம் என்று ஒன்று உண்டு. பங்குனி, சித்திரை வெயிலில், இலை ஒன்றுகூட இல்லாமல், வெறும் காம்பில் பூக்கும். இதை ஒருவரும் விலை கொடுத்து வாங்கியதில்லை, ஒருவரும் நட்டதில்லை. தரிசு மனைப்பிரிவாகி, மனைக்குச் சவுடு மண் கொட்டி மூன்றடி உயர்த்தியதும், அதற்கு மேலே வந்து சேர முடியாமல் அங்கேயே முடிந்துவிடுகிறது.

கிழங்குச் செடிக்கு இதில் தனிக் கஷ்டம் இருக்கிறது. புல்லும் பூண்டும் காற்றில் விதை பரப்பி, டைல்ஸ் இடுக்கில்கூட வந்துவிடும். அரசும் ஆலும் சுவரைப் பிளந்துகொண்டு வரும். காந்தள் விதையிலிருந்து முளைத்துப் பூக்க மூன்று, நாலு வருடம் வேண்டும். அதுவரை யாரும் கிளறாத, யாரும் மூடாத ஒரு துண்டு நிலம் வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கக் கிழங்கு விட்டு, அங்குலம் அங்குலமாக நகரும் இனங்கள் இவை. ஒரே நாளில் ஒரு லாரி ரெடிமிக்ஸ் வந்து கொட்டினால், முப்பது வருடக் கூட்டம் போச்சு. உறங்கும் மாதத்தில் கொட்டினால், அங்கே ஒரு செடி இருந்தது என்பதே வீட்டுக்காரருக்குத் தெரியாது. வீட்டு வேலை பெரும்பாலும் மழையில்லாத தையிலிருந்து வைகாசிக்குள்தானே நடக்கிறது.

மழைநீரும் இதில் சேர்ந்தது. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது மொட்டைமாடித் தண்ணீருக்குக் குழாய் போட்டோம். வாசலில் விழும் மழைக்கு யார் குழாய் போட்டார்கள்? அது டைல்ஸ் மேல் வழுக்கித் தெருவுக்குப் போகிறது, தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று நாமே செய்திக்குப் பேட்டி கொடுக்கிறோம். மதிலோரம் ஒன்றரை அடி மண் இருந்தால் வெள்ளமே வராது என்று சொல்ல வரவில்லை. கொஞ்சமாவது உள்ளே இறங்கும். இறங்குகிற இடத்தில் லில்லி பூக்கும்.

மண் இருந்தால் பாம்பு வரும், கரையான் வரும், சேறு மிதிபடும், வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள் என்று சொல்பவர்களின் பயத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நடக்கிற பாதைக்குத் தளம் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? மதில் ஓரத்தில் யாரும் நடப்பதில்லை.

ஏற்கெனவே தளம் போட்டுவிட்டவர்களும் மதிலோரம் ஒரு வரிசை டைல்ஸைப் பெயர்க்கலாம். அரை நாள் வேலை. பெயர்த்ததும் கிழங்கை நட்டுவிடாதீர்கள். கீழே இருப்பது மண்ணாக இருக்காது. உடைந்த செங்கல், காய்ந்த கலவை, பெயிண்ட் டப்பா, மின்கம்பித் துண்டு. சுண்ணாம்பும் சிமென்டும் ஏறிய அந்தக் குப்பையில் எதுவும் வேர் பிடிக்காது. ஒன்றரை அடி தோண்டி, அள்ளிக் கொட்டிவிட்டு, செம்மண்ணும் ஜல்லியும் மக்கிய எருவும் நிரப்பி, தரையை விட நாலு விரல் மேடாக விடுங்கள். முதல் வருடம் மழை லில்லியும் கல்வாழையும் வையுங்கள். மண் அடங்கியதும் அமரில்லிஸ், மே மலர். வெயில் விழும் மூலையில் சம்பங்கி. மதிலில் கம்பிவலை அடித்துக் காந்தள். இதில் தினசரி வேலை என்று ஒன்றும் இல்லை. தையிலிருந்து நாலு மாதம் சம்பங்கிக்கும் கல்வாழைக்கும் அமரில்லிஸுக்கும் மட்டும் தண்ணீர், மற்றவற்றைக் கண்டுகொள்ளக் கூடாது.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாசல் தளம் கடைசி வாரத்தில்தான் போடுவார்கள். கிரகப்பிரவேசப் பத்திரிகை, சமையல்காரர், ஷாமியானா என்று ஓடும் அந்த நேரத்தில் எதுவும் காதில் விழாது. அதனால் இப்போதே மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்: மதிலோரம் ஒன்றரை அடிக்குக் கலவை போட வேண்டாம்.